பெருவிரலைப் பார்த்திருந்தவர்கள்

தம்பி,

ஒரு மாதமாக நான் உனக்குப் போன் எடுக்கவில்லை. நீ எடுத்தபோதெல்லாம் "அம்மாவோட கதை" என்று கைமாற்றிவிட்டேன். "அப்பா கோவமோ?" என்று நீ அம்மாவிடம் கேட்டதும் எனக்குத் தெரியும், அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள். கோபம்தான். முதலில் உன்னோடு, பிறகு என்னோடு. அதைப் போனில் சொல்ல வராது என்பதால் இருந்து எழுதுகிறேன். இருந்து என்று சும்மா சொல்கிறேன். இருந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் போக இடமில்லை. காலையிலிருந்து கேத்திலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துவிட்டு இன்னும் தேத்தண்ணி ஊற்றவில்லை. "ஒண்டில் இருங்கோ, இல்லாட்டி வெளிய போட்டு வாங்கோ, வீட்டுக்குள்ள ரயில் ஓடுறமாதிரிக் கிடக்கு" என்கிறாள் அம்மா.

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். ஜெர்மனியில் அகதியாய் இறங்கிய காலத்தில் எனக்கு மீசையும் முளைக்கவில்லை, பாஷையும் தெரியாது. எங்களை வைத்திருந்த சின்ன ஊரில் ஒரு பித்தளை வாத்தியக் குழு இருந்தது. அதில் டியூபா வாசித்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மடியில் ஒரு கன்றுக்குட்டியை வைத்திருப்பது போன்ற அந்தக் குழாயைத் தூக்க உள்ளூர்ப் பொடியன்கள் யாருக்கும் விருப்பமில்லை. என் தோளின் அகலத்தைப் பார்த்தே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கீத ஞானம் என்று யாரும் சொன்னால் நம்பாதே. அப்படிப் பிடித்த குழாய் என்னை இசைக் கல்லூரிக்குக் கொண்டுபோனது, பிறகு லண்டனுக்கு, பிறகு ஒரு பெரிய ஓர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசைக்கு. ஈஸ்ட் ஹாமில் கலியாண வீடுகளில் நம்மவர்கள் என்னை விசாரிப்பது உனக்கு ஞாபகமிருக்கும். "ஊதுறது சரி. வேலை என்ன செய்யிறியள்?"

வயலின் என்றால் ஓர்கெஸ்ட்ராவில் ஒரு கூட்டமே இருக்கும். டியூபா ஒன்றே ஒன்றுதான். அதற்கு வேலையும் குறைவு. சில சிம்பொனிகளில் முக்கால்வாசி நேரம் சும்மா இருந்து, ஒரு இடத்தில் ஒரு வாய் ஊதிவிட்டு மறுபடி சும்மா இருக்க வேண்டும். சின்ன வகுப்பில் உன் டீச்சர் 'என் அப்பாவின் தொழில்' என்று எழுதச் சொன்னபோது, "என் அப்பா கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு போய்க் காத்திருப்பார்" என்று நீ எழுதினாய். நான் வேலையில்லாமல் அரசாங்கக் காசில், பெனிபிட்டில் இருக்கிறேனோ என்று அந்த மனுசி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். நாங்கள் எத்தனை வருடம் அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் நீ எழுதியது சரி. என் தொழில் காத்திருப்பதுதான்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல, எண்ண வேண்டும். நாலு தட்டுக் கொண்டது ஒரு சுற்று. இத்தனை சுற்று மௌனம், அதற்குப் பிறகு நீ ஊது என்று தாளில் போட்டிருக்கும். வெள்ளைக்காரர்கள் அதை மனதுக்குள் எண்ணுவார்கள். நான் நம்மவர்கள் எண்ணுவது போல இடது கையின் விரல் ரேகைகளில் பெருவிரலை வைத்து எண்ணுவேன். ஒரு விரலுக்கு மூன்று ரேகை, நுனியையும் சேர்த்தால் நாலு. அவர்களுடைய இசையும் பெரும்பாலும் நாலு நாலாகவே நடக்கும், அதனால் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. சுண்டுவிரலில் தொடங்கி, பெருவிரல் சுட்டுவிரலுக்கு வந்ததும் வாத்தியத்தைச் சரிசெய்துகொள்வேன். நுனிக்கு வந்தால் மூச்சை எடுப்பேன். கை எப்போதும் முழங்காலின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும்.

டியூபாவுக்குப் பக்கத்தில், நீளக் குழாயை இழுத்து இழுத்து ஊதும் மூன்று ட்ரொம்போன்காரர்கள். எனக்கு அடுத்த கதிரை கிரேம். நீ நடை பழகும்போது உன் கையைப் பிடித்த அதே கிரேம் மாமாதான். அவர்களுக்கும் எனக்கும் மௌனமும் ஒன்று, தொடக்கமும் ஒன்று. நீ சின்னவனாய் இருந்தபோது ஒருநாள் பூசணிக்காய் வெட்டப்போய் நான் பெருவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பெரிய கட்டுப் போட்ட கையை மடித்து வைத்து, மனதுக்குள்ளேயே எண்ணினேன். நான் சரியாகத் தொடங்கினேன். அவர்கள் மூவரும் தடுக்கி விழுந்தார்கள். கச்சேரி முடிந்து பியர் குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டார்களாம், என் பெருவிரலைத்தான் பார்க்கிறார்களாம். "உன்ர விரல்தான் எங்கட மணிக்கூடு" என்றான் கிரேம். ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன், அவன் வாய்க்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும். அன்றே நான், "அட மடையங்களே, நீங்களே எண்ணுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. நம்மை நம்பி மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது இனிப்பான விஷயம், தம்பி. அவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை.

போன கோடையில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். நீயும் மருமகள் மதுராவும் வந்திருந்தீர்கள், அடுத்த கிழமையே கிளாஸ்கோவுக்கு வீடு மாறிப் போனீர்கள். வேலையும் மகனும் ஒன்றாய்ப் போனதில் எனக்கு எது எங்கே வலிக்கிறது என்றே தெரியவில்லை. அதனால்தான் அந்த நாட்களில் உனக்கு ஓயாமல் போன் எடுத்தேன். பொயிலரைப் பார்த்தாயா, வீடு சூடாகிறதா, காருக்கு டயர் மாற்றினாயா, அங்கே பனி கூட, மெதுவாய்ப் போ. நீ ஒவ்வொன்றுக்கும் "ஓம் அப்பா" என்றாய். பிறகு மெசேஜில் மட்டும் ஓம் என்றாய். பிறகு அதுவும் சுணங்கியே வந்தது.

இதற்குள் ஓர்கெஸ்ட்ராவில் என் கதிரைக்கு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். அது இன்டர்வியூ வைத்து உடனே வேலை கொடுக்கும் கதை அல்ல. நன்றாக வாசிக்கும் சிலரைப் பொறுக்கி, ஒருவர் மாறி ஒருவராகச் சில வாரங்கள் கூடவே இருத்தி வாசிக்க விடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள்தான் இவரோடு காலம் தள்ள ஏலுமா என்று தீர்மானிப்பது. விலகிப் போகிறவருக்கு வாக்கு இல்லை, இருக்கவும் கூடாது. போகிறவர் போய்விட வேண்டும், வாசலில் நிற்கக் கூடாது. நான் நின்றேன். கண்ணை மறைக்கிற தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்து நோர்பரி ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய், ஓர்கெஸ்ட்ராவுக்குப் பின்பக்கமாய் உயரத்தில் உள்ள மலிவு இருக்கைகளில் இருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் வாசிப்பவர்களின் கைகள்கூடத் தெரியும். முதலாவது ஆளுக்குச் சத்தம் நல்லது, ஆனால் அவசரம். இரண்டாவது ஆள் தான் ஊதாத நேரத்திலும் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாய் விளக்கினேன். "பொம்பிளை பார்க்கப் போன மாமியார் மாதிரி நொட்டை சொல்லுறியள். உங்களுக்கு ஒருத்தரையும் பிடிக்காது" என்றாள்.

மூன்றாவதாக வந்தவள் ஹானா. யோர்க்ஷயர் பக்கத்துப் பிள்ளை, சின்ன உருவம். டியூபாவை மடியில் வைத்தால் நெற்றி மட்டும்தான் தெரியும். முதல் நாள் அவள் ஊதிய முதல் சுரத்திலேயே என்னுடைய நொட்டை எல்லாம் வாயடைத்துப் போயிற்று. சத்தம் தரைக்குக் கீழேயிருந்து வருவது போல் வந்தது. பெரிதாக இல்லை, ஆனால் மற்ற எல்லோரும் அதன் மேல் நின்றார்கள். நான் பொறாமைப்பட்டேன். வேறு சொல் போட்டு எழுதினால் அது பொய்.

அவளுடைய இரண்டாவது கச்சேரியில் ஒரு நீண்ட சிம்பொனி. அதன் நடுவில் ட்ரொம்போன்களும் டியூபாவும் வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, நால்வரும் மெல்லிய ஒலியில் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒத்திகையில் கோல் பிடித்து நடத்துகிறவர் கையைக் காட்டித் தொடங்க வைத்திருப்பார். கச்சேரியில் அவர் வயலின்காரர்களோடு மினக்கெட்டுக்கொண்டு நின்றார். நான் மேலேயிருந்து பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். பெருவிரல் கடைசி நுனிக்கு வந்தது. ஹானா தொடங்கினாள், தனியாக. மற்ற மூவரும் ஒரு சுற்றுப் பிந்தித்தான் வந்தார்கள். நடத்துகிறவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வை எனக்கு மேலேயே தெரிந்தது. மூன்று பேர் சேர்ந்து பிழை விட்டால் சரியாய்ச் செய்தவர்தானே பிழைகாரர்.

எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கிரேமின் தலை இடப்பக்கம் சாய்ந்தது, அவளுடைய முழங்காலைப் பார்த்தது. அங்கே விரல் இல்லை. அவள் இரண்டு கையாலும் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். தான் என்னத்தைத் தேடினான் என்பது கிரேமுக்கே தெரிந்திருக்காது. அவ்வளவு வருடப் பழக்கம்.

அடுத்த நாள் அவன் போன் எடுத்தான். "நல்ல பிள்ளை, நல்ல சத்தம். ஆனா எண்ணுறதில நம்ப ஏலாது போல. பாவம், முடிஞ்சவுடனே வந்து எங்களிட்ட மன்னிப்புக் கேட்டவள்" என்றான். சரியாக எண்ணியவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் "ம்" என்றேன். "இவளும் சரிவராட்டி வசந்தகாலச் சுற்றுப்பயணத்துக்கு நீதான் வரவேணும்" என்றான். அதற்கும் "ம்" என்றேன். பிறகு கடைத்தெருவுக்குப் போய் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். "கனநாளைக்குப் பிறகு முகம் வெளிச்சமாக் கிடக்கு, என்ன விசயம்?" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒரு பிள்ளையின் வேலை போகப் போகிறது, அதைக் கொண்டாட ரோல்ஸ் வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் எடுத்தாய். எனக்கு இதை யாருக்காவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. பெருவிரல் கதையை உனக்கு முழுதாகச் சொன்னேன். "நான் இல்லாட்டி அவையளுக்கு ஏலாது, பார்" என்று முடித்தேன். நீ கேட்டாய்: "அப்பா, நான் முதல் தரம் ட்ரைவிங் டெஸ்டில ஏன் பெயிலானனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

டெஸ்ட் எடுத்தவன் இனத்துவேஷம் பிடித்தவன் என்றுதான் நான் இவ்வளவு காலமும் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். நீ சொன்னாய்: "நீங்கள் பக்கத்தில இருந்து பழக்கேக்க, பயம் வந்தா கதவுப் பிடியைப் பிடிப்பியள். நான் ரோட்டைப் பார்க்கிறேல்ல அப்பா. உங்கட கையைத்தான் பார்த்தனான். உங்கட கை பிடிக்குப் போனா நான் பிரேக் அடிப்பன். அண்டைக்கு அந்த மனுசன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்." அதோடு விடாமல் இன்னொன்றும் சொன்னாய். "அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கக் கூடாது எண்டு நினைக்கிறியள், என்ன?"

முகத்தில் அடித்த மாதிரிப் போனை வைத்தேன். பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று அம்மாவிடம் கத்தினேன். நீ என்ன கேட்டாய் என்று அவள் கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அவன் கேட்டதில என்ன பிழை?" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு ஆகாத நாட்கள். ஸ்ட்ரெதம் வரைக்கும் நடந்து போவேன், ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஹானாவிடம் சொன்னால் அவள் பாவம், என்னைப் போல விரலை மடக்கி வைக்கப் பார்ப்பாள். பிறகு அந்தக் கதிரையில் இருக்கப்போவது அவளல்ல, நான்தான். கிரேமிடம் சொன்னால் முப்பது வருடச் சிநேகிதனைப் பார்த்து உனக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னதாகும். சொல்லாமல் விட்டால் எனக்குச் சுற்றுப்பயணம் கிடைக்கும். ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நான் அந்தக் கடைசி யோசனையில்தான் கனநாள் நின்றேன் என்பதை உனக்கு மறைக்க விருப்பமில்லை.

கிரேமைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவனுக்கு அம்மாவின் இடியப்பமும் சொதியும் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும்தானே. கையால் குழைத்துச் சாப்பிட்டு முடித்தபின், என் போனில் அந்த சிம்பொனியின் அதே இடத்தைப் போட்டேன். "உன்ர தொடக்கம் வரேக்க பாடு பாப்பம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு கேட்டான். என் கை மேசையில் கிடந்தது, பெருவிரல் தன் பாட்டில் ரேகை ரேகையாய் ஏறியது. சரியான இடத்தில் அவன் வாயைத் திறந்தான். "இன்னொருக்கா" என்று மறுபடி போட்டேன். இந்த முறை கையை மேசைக்குக் கீழே வைத்தேன்.

பாதியிலேயே அவனுடைய கண் மேசையில் அலைந்தது. தட்டைப் பார்த்தான், தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். தொடக்கம் வந்தது, போனது. போனில் ட்ரொம்போன்கள் ஒலித்துக்கொண்டிருந்தன, அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மா பாத்திரம் எடுக்க வந்தவள், "என்னப்பா, சாப்பாட்டு மேசையில பாட்டு வகுப்போ?" என்று கேட்டுவிட்டு, அவனுடைய முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

"அவள் சரியாத்தான் வந்தவள்" என்றான் கிரேம். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்திருந்தது. "நீ அண்டைக்கு மேல இருந்தனீ. தொப்பியோட. நான் கண்டனான். ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"எனக்குச் சந்தோசமா இருந்தது" என்றேன்.

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினான். இனிப்புக்கு வட்டிலப்பம் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அவனுக்குத் தெரிந்த இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்றான "போதும்" என்பதைச் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

அதே சிம்பொனியை வேறொரு மண்டபத்தில் அவர்கள் மறுபடி வாசித்தார்கள். ஹானாவுக்கு அதுதான் கடைசிப் பரீட்சை. கிரேமிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. அவன் மற்ற இருவருக்கும் சொன்னானா, அவளிடம் பேசினானா, ஒன்றும் தெரியாது. அன்று பின்னேரம் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். நோர்பரி ஸ்டேஷனில் நின்றேன். ஒரு ரயில் வந்து போனது. கால் எடுத்து வைக்கத்தான் நினைத்தேன். நான் மேலே இருந்தால் கிரேம் என்னைத் தேடுவான், நான் இருக்கிற பக்கம் தலை சாயும், பழையபடி ஆகும் என்று பட்டது. அடுத்த ரயிலையும் விட்டேன். திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றாமலே குசினியில் இருந்தேன். அந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் வந்தபோது பெருவிரல் தானாக ஓடத் தொடங்கியது. அம்மா வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு கத்தரிக்காயையும் கத்தியையும் என் கையில் தந்தாள்.

மறுநாள் கிரேம் போன் எடுத்தான். "நாங்கள் எண்ணினோம்" என்றான். "மூண்டு கிழவங்கள் வாய்ப்பாடு படிக்கிற பிள்ளையள் மாதிரி வாயை அசைச்சு அசைச்சு எண்ணினோம். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துப் போச்சு. வந்திட்டம். நாலு பேரும் ஒண்டா வந்தம்." கச்சேரிக்கு முதல் நாளே மூவருமாக ஹானாவிடம் போய், பிழை தங்களுடையது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் நம்பவில்லையாம், தன்னைத் தேற்றுகிறார்கள் என்று நினைத்தாளாம். வேலை அவளுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. "சுற்றுப்பயணத்துக்கு நீ பெட்டி கட்டத் தேவையில்லை" என்றான். பிறகு, "அந்த வட்டிலப்பம் இன்னும் கிடக்கோ?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டு அழுதேன், தம்பி. சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்ததில் சந்தோஷம் இருந்தது, அது உண்மை. ஆனால் நான் இல்லாமல் நால்வரும் ஒன்றாய் வந்தார்களே, அதுதான் தாங்கவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுக்க அவர்களுக்கு எண்ண ஏலுமாய்த்தான் இருந்திருக்கிறது. நான்தான் ஏலாதவர்களாய் வைத்திருந்தேன்.

உன்னையும் அப்படித்தான் வைத்திருந்தேனோ என்று யோசிக்கிறேன். பனியைப் பற்றி நான் சொன்ன புத்தி எல்லாம் சரியான புத்திதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இனி ஒவ்வொரு நாளும் போன் எடுக்க மாட்டேன். நீ எடுக்கும்போது எடு. பொயிலர் பழுதானால் குளிரட்டும், நீயே கண்டுபிடிப்பாய். உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது கார் ஓட்டப் பழகும் நாளில் நீ பக்கத்தில் இருப்பாய் அல்லவா, அப்போது கையை எங்கே வைப்பதென்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

தைப்பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். ஸ்டேஷனுக்குக் காரோடு வருவாய் என்று அம்மா சொன்னாள். அப்பாவைப் பின் சீட்டில் ஏற்றுவோமா என்று நீ அவளிடம் பகிடியாய்க் கேட்டதும் ஸ்பீக்கரில் கேட்டது. நான் முன்னுக்குத்தான் இருப்பேன், எனக்குக் கால் நீட்ட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன் என்று வாக்குத் தர மாட்டேன். இந்த வயதில் அது சொல்வழி கேட்காது. முதல் வளைவிலேயே கதவுப் பிடிக்குப் போகும், அது என்னுடைய பயம். நீ அதைப் பார்க்காதே. ரோட்டைப் பார்.

அப்பா